இரண்டரை கிராம் உடம்பும் மூவாயிரம் மீட்டர் குளிரும்

கேள்வி இதுதான்: "கோஸ்டா ரிக்காவின் மலை உச்சிகளில் வாழும் எரிமலை ஹம்மிங் பறவை வெறும் இரண்டரை கிராம் என்கிறார்கள். அவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் எப்படிப் பிழைக்கிறது? நம்ம ஊர்த் தேன்சிட்டுக்கு அது சொந்தமா? கொடைக்கானலில் கொண்டுவந்து விட்டால் வாழுமா?"

மூன்று கேள்விகள். நடுவில் இருப்பதைச் சட்டென்று முடித்துவிடலாம்: சொந்தம் இல்லை. கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே பார்ப்போம். முதல் கேள்விக்குத்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. "அவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு எப்படி" என்று கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மலையில் மூன்று காலைப்பொழுது குளிரில் நின்று பார்த்த பிறகும், அதைப் பற்றித் தேடிப் படித்த பிறகும் எனக்குத் தோன்றுவது வேறு. உடம்பு சின்னதாக இருப்பதால்தான் அதற்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. அது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் பறவையை அறிமுகப்படுத்திவிடுகிறேன். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏழரை சென்டிமீட்டர். ஆண் சுமார் 2.5 கிராம், பெண் கொஞ்சம் கூட, 2.8 கிராம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் இதைவிடக் கனம். உலகத்திலேயே மிகச் சின்னப் பறவை என்ற பட்டம் கியூபாவின் தேனீ ஹம்மிங் பறவைக்குப் போய்விட்டது. அது ஏறக்குறைய இரண்டு கிராம். ஆனால் அது வெப்பமான தீவில் இருக்கிறது. நம்ம ஆள் இருப்பது கோஸ்டா ரிக்காவின் உயர்ந்த மலைகளிலும், அதை ஒட்டிய பனாமாவின் சிரிகி மலைப்பகுதியிலும் மட்டும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1,850 மீட்டரிலிருந்து உச்சி வரை அதன் ராஜ்ஜியம். கோஸ்டா ரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான சிரிப்போ 3,820 மீட்டர், இராசூ எரிமலை 3,432 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் உயரம் பிடிபடும்.

மேலே போகப் போக அந்த மலைகளில் ஓக் மரங்கள் குட்டையாகி, பாசி மூடி, கோணல்மாணலாக வளைந்து நிற்கும். அதையும் தாண்டினால் மரமே இல்லாத புதர்வெளி. குட்டை மூங்கிலும் கனத்த இலைச் செடிகளும். அங்கே இருக்கிறவர்கள் அதை 'பாராமோ' என்கிறார்கள். நம் சிட்டு அடர்ந்த காட்டுக்குள் போவதில்லை. காட்டு விளிம்பு, புதர், சாலையோர மண்சரிவு, மேய்ச்சல் நிலத்து ஓரம் என்று வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்காரும்.

1865இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஆஸ்பர்ட் சால்வின். செலாஸ்ஃபோரஸ் ஃபிளாம்முலா. முதல் பாதி கிரேக்கம், 'சுடர் ஏந்தி'. இரண்டாம் பாதி லத்தீன், 'சின்னத் தீநாக்கு'. 1870இல் அதே பறவையின் தெற்கு வடிவத்துக்கு அவரே 'டாரிடஸ்' என்று இன்னொரு பெயரும் கொடுத்தார். அதற்கு 'வெயிலில் காய்ந்து வெந்தது' என்று பொருள். சுடர், வேக்காடு, எரிமலை என்று பெயர் முழுக்க ஒரே அனல். ஆனால் ஆள் வாழ்வதோ நடுங்கும் குளிரில். சொல்லப்போனால், இது பரவலாக வாழும் தலமான்கா மலைத்தொடரின் பெரும்பகுதியில் இன்று எரியும் எரிமலை ஒன்றுகூட இல்லை.

தேன்சிட்டு விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். ஹம்மிங் பறவைகள் இன்றைக்கு வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளன. 360 இனங்கள் போல. இந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. 'ஊட்டியில் ஹம்மிங் பேர்டு பார்த்தேன்' என்று யாராவது படம் அனுப்பினால், அது தேன்சிட்டு. இல்லாவிட்டால் பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் பருந்து அந்துப்பூச்சி. நம் தேன்சிட்டு காக்கை, மைனா, சிட்டுக்குருவி இருக்கிற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. ஹம்மிங் பறவைக்குக் கிட்டின சொந்தம் என்றால் கோயில் கோபுரத்தைச் சுற்றிப் பறக்கும் உழவாரக் குருவிதான். ஒரே தொழிலைப் பார்த்ததால் இரண்டுக்கும் ஒரே சாயல் வந்துவிட்டது, அவ்வளவே. ஒரு சின்ன வேடிக்கை: நவீன ஹம்மிங் பறவையின் உடலமைப்புக் கொண்ட, சுமார் 3 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்கள் கிடைத்தது அமெரிக்காவில் இல்லை, ஜெர்மனியில். அதாவது ஒரு காலத்தில் பழைய உலகத்திலும் இருந்து, பிறகு அற்றுப்போயிருக்கின்றன.

சரி, குளிருக்கு வருவோம்.

ஒரு குடம் வெந்நீரையும் ஒரு டம்ளர் வெந்நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டம்ளர்தான் முதலில் ஆறும். உடம்பு சின்னதாக ஆக ஆக, உள்ளே இருக்கும் சரக்கோடு ஒப்பிட்டால் வெளித்தோல் அதிகம். சூடு ஓடிப்போகும் வாசல் அதிகம். இரண்டரை கிராம் பறவை ஒரு மேசைக்கரண்டி வெந்நீர்கூட இல்லை. அந்த உடம்பை ஏறக்குறைய 40 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். வெளியே அதிகாலையில் உறைநிலையைத் தொடும் நாட்களும் உண்டு. போதாக்குறைக்கு, அந்தரத்தில் நின்று பறப்பது விலங்குலகத்திலேயே மிக அதிகம் எரிபொருள் குடிக்கும் வேலைகளில் ஒன்று. சின்ன ஹம்மிங் பறவைகள் நொடிக்கு 40, 50 தடவைக்கு மேல் சிறகடிக்கின்றன. இதயம் நிமிடத்துக்கு 1,200ஐத் தாண்டித் துடிப்பதை இதைவிடப் பெரிய ஓர் இனத்தில் அளந்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? பூவிலிருந்து. பொதுவாக ஹம்மிங் பறவைகள் ஒரு நாளைக்குத் தங்கள் எடை அளவுக்கோ அதற்கு மேலோ தேன் குடிக்கின்றன. குடித்த சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றி, சேமித்து, பிறகு செலவழிக்கும் சுற்றுவழி பகலில் கிடையாது. குடித்த அரை மணி, முக்கால் மணிக்குள் அந்தச் சர்க்கரையே நேராகப் பறக்கும் தசையில் எரிகிறது. அன்றாடம் காய்ச்சி என்று நாம் சொல்வோமே, அந்த வாழ்க்கை.

மலைக்குளிரில் இன்னொரு செலவும் சேரும். விடியற்காலையில் பூவிலிருக்கும் தேன் ஃப்ரிட்ஜ் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கும். அது வயிற்றுக்குள் போனதும் உடம்புச் சூட்டுக்கு வந்தாக வேண்டும். மனிதன் ஒரு டம்ளர் ஜில் தண்ணீர் குடித்தால் பெரிய விஷயமில்லை. தன் எடை அளவுக்குக் குடிக்கிறவனுக்கு? குளிர்ந்த தேனைக் கொடுத்து ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதைச் சூடாக்குவதற்கே கணிசமாக எரிபொருள் போகிறது. காலைப் பசியில் குடிக்கிற முதல் வாய்க்கே வரி கட்ட வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டால் சின்ன உடம்பு பெரிய தொல்லை என்றுதான் தோன்றும். இனிமேல்தான் கதை திரும்புகிறது.

தலைநகர் சான் ஹொசேயிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை ஓர் இடத்தில் 3,300 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அந்த இடத்தின் பெயர் செர்ரோ டே லா முவெர்த்தே, 'சாவு மலை'. சாலை போடுவதற்கு முன்னால், தெற்குப் பள்ளத்தாக்கிலிருந்து தலைநகருக்கு நடந்தே போன விவசாயிகள் இங்கே குளிரில் விறைத்துச் செத்திருக்கிறார்கள். அதனால் வந்த பெயர். ஹம்மிங் பறவைகளைப் பற்றி நமக்குத் தெரிந்த பல அடிப்படையான விஷயங்கள் 1970களில் இந்த மலையில் கண்டுபிடித்தவை. லாரி வுல்ஃப், கேரி ஸ்டைல்ஸ், ரீட் ஹெய்ன்ஸ்வொர்த் என்ற மூவர் இங்கே எந்தப் பறவை எந்தப் பூவுக்குப் போகிறது, யார் யாரைத் துரத்துகிறார்கள், எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து குறித்து, 1976இல் வெளியிட்டார்கள்.

அந்தக் கணக்கில் முக்கியமாக நான்கு இனங்கள். மிகப் பெரியது இன்று தலமான்கா ஹம்மிங் பறவை என்று அழைக்கப்படுவது. ஒன்பது, பத்து கிராம் இருக்கும், நீண்ட அலகு. வேறு யாருக்கும் எட்டாத நீளக் குழாய்ப் பூக்கள் அதற்கு. அடுத்து தீக்கழுத்து ஹம்மிங் பறவை, ஆறு கிராமுக்குப் பக்கம். அந்த ஊர் ரவுடி அதுதான். நிறையப் பூத்து நிற்கும் நல்ல புதரை வளைத்துப் போட்டுக்கொண்டு யாரையும் அண்ட விடாது. பிறகு ஊதாக்காதன், ஐந்து கிராம் போல. கடைசியில் நம்ம இரண்டரை கிராம். மற்றவர்களுக்கு முன்னால் இது எலும்புக்கூட்டுப் பயில்வான். நல்ல புதருக்குள் கால் வைத்தால் உடனே துரத்தல்.

அப்போது இது எதைத் தின்னும்? மற்றவர்கள் சீண்டாததை. பூச்சிகளுக்காகவே மலர்கிற, துளித் தேன் மட்டும் வைத்திருக்கிற சின்னச் சின்னப் பூக்கள் அந்த மலையில் ஏராளம். ஆறு கிராம் பறவை அந்தத் துளிக்காகப் பறந்து நின்றால், பறந்த செலவே வருமானத்தைவிட அதிகமாகிவிடும். இரண்டரை கிராம் பறவைக்கு நின்று பறக்கும் செலவு குறைவு. அதே துளியில் அதற்கு லாபம் நிற்கிறது. கல்யாண மண்டபத்துக்குப் பெரிய மளிகைக் கடை சரக்கு போடும். தெருமுனைப் பெட்டிக்கடை ஒரு ரூபாய் மிட்டாயில் வாழும். பெரிய கடைக்காரரால் பெட்டிக்கடையை நடத்தவே முடியாது. வாடகைக்கே காணாது.

நான் பார்த்த மூன்று காலையிலும் இதுதான் நடந்தது. விடுதி வாசலில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே தீக்கழுத்தர்களின் தள்ளுமுள்ளு; கேமரா வைத்திருந்தவர்கள் எல்லாரும் அங்கேதான். நம் சிட்டோ பத்தடி தள்ளி, முட்டளவு உயரப் புதரில், பட்டாணி அளவுப் பூ ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. முதல் தடவை அதை வண்டு என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

சால்வியா, ஃபூக்சியா இரண்டும் அதற்குப் பிடித்தமான பூக்கள். ஃபூக்சியா தெரியுமல்லவா? ஊட்டித் தோட்டங்களில் ஜிமிக்கி மாதிரி தொங்குமே, அதன் காட்டு உறவினர்கள். நீளக் குழாய்ப் பூக்களிலும் இது கைவைக்கும், ஆனால் பின்வாசல் வழியாக. அந்த மலையில் பூக்குத்தி என்று ஒரு சின்னச் சாம்பல் நிறப் பறவை இருக்கிறது. மேல் அலகின் நுனியில் கொக்கி. அந்தக் கொக்கியால் பூக்குழாயைப் பிடித்துக்கொண்டு, ஊசி போன்ற கீழ் அலகால் அடியில் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிவிடும். மகரந்தம் சுமக்கிற வேலை எதுவும் செய்யாது, சுத்தத் திருட்டு. குண்டு வண்டுத் தேனீக்களும் இப்படி ஓட்டை போடும். அவர்கள் போட்டுவிட்டுப் போன ஓட்டை வழியாக நம் சிட்டின் குட்டை அலகு மிச்சத்தைக் குடித்துக்கொள்ளும்.

அந்தப் பூக்களுக்குள் இன்னொரு பங்காளியும் உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூ உண்ணிகள், ஆங்கிலத்தில் மைட் என்பார்கள். ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போக அவற்றுக்கு வண்டி ஹம்மிங் பறவைதான். பறவை தேன் குடிக்கும் ஓரிரு நொடியில் அலகின்மேல் ஓடி மூக்குத் துளைக்குள் ஏறிக்கொண்டு, தன் பூவின் வாசனை வந்ததும் இறங்கிவிடும். ராபர்ட் கோல்வெல் என்ற சூழலியலாளர் இதே சாவு மலையில் இவற்றை ஆராய்ந்து 1973இல் எழுதினார். எனக்கு இந்த ஏற்பாட்டை நினைத்தால் நம் டவுன் பஸ் படிக்கட்டுப் பயணம்தான் ஞாபகம் வரும்.

தேனை மட்டும் குடித்து எந்தப் பறவையும் உயிர் வாழ முடியாது. தேனில் புரதம் இல்லை. அதனால் கொசு, ஈ, சின்னச் சிலந்தி எல்லாவற்றையும் பறந்தபடி கொத்திப் பிடிக்கும். ஹம்மிங் பறவை ஒரு நிமிடம் பறப்பதை நிறுத்தினால் செத்துவிடும் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள். பகலில் பெரும்பாலான நேரம் அவை கிளையில் சும்மா உட்கார்ந்துதான் இருக்கும். குடித்தது செரித்து எரிவதற்கு நேரம் வேண்டாமா? அந்த மலையில் ஒரு காய்ந்த குச்சியின் நுனியில் கடுகு மாதிரி ஒன்று தெரிந்தால், பெரும்பாலும் அது தன் இடத்தைக் காவல் காக்கும் ஆண் எரிமலைச் சிட்டுதான்.

காற்றின் விஷயத்தையும் தொட்டுவிடுகிறேன். 3,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சுக்கும் கஷ்டம், சிறகு தள்ளுவதற்குப் பிடிமானமும் கம்மி. எனக்கு விடுதியிலிருந்து சாலை வரை ஏறுவதற்குள் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. மெல்லிய காற்றில் இந்தப் பறவைகள் என்ன செய்கின்றன என்று 1995இல் ஆய்வுக்கூடத்தில் வேறொரு ஹம்மிங் இனத்தை வைத்துச் சோதித்தார்கள். காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியத்தைக் கலந்து அடர்த்தியைக் குறைத்தார்கள். பறவை சிறகடிக்கும் வேகத்தை அவ்வளவாகக் கூட்டவில்லை. சிறகை வீசும் அகலத்தைக் கூட்டியது. முன்னும் பின்னும் சிறகுகள் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்கு. அதற்கு மேல் முடியாமல் போகிற இடம்தான் அதன் எல்லை. ஆண்டிஸ் மலையின் உயர்ந்த இடங்களில் வாழும் இனங்களில் ரத்தத்தின் ஹீமோகுளோபினே ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்படி மாறியிருப்பதும் 2013இல் தெரியவந்தது.

இனி இரவு. உண்மையில் உங்கள் கேள்வியின் மையம் இதுதான்.

கோஸ்டா ரிக்கா நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரி வடக்கே. வருடம் முழுக்க இரவு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் கடை மூடியிருக்கும், குளிர் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சாயங்காலம் பறவை தீனிப்பை நிறைய தேனை நிரப்பிக்கொண்டு போய் உட்காரும். நாள் நன்றாகப் போயிருந்தால் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்திருக்கும். அப்படியும் 40 டிகிரியை விடிய விடியக் காப்பாற்றக் கையிருப்பு பத்தாத இரவுகள் வரும். அப்போது ஹம்மிங் பறவைகள் அடுப்பையே அணைத்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் இதை டார்பர் என்பார்கள். மரத்துப்போன தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புச் சூடு சுற்றுப்புறத்தின் குளிரை நோக்கிச் சரியும். நூற்றுக்கணக்கில் துடித்த இதயம் ஐம்பதுக்கும் கீழே இறங்கலாம். கையில் எடுத்தால்கூட அசையாது. செத்துவிட்டது என்று குப்பையில் போட்ட பறவை வெயில் பட்டதும் எழுந்து பறந்த கதைகள் அமெரிக்கக் கண்டம் முழுக்க உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முழுசாக அணைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் உடம்பு தானாகவே கொஞ்சம் சூடு உண்டாக்கி அதே அளவில் நிறுத்திக்கொள்ளும். அடுப்பைத் தணித்துச் சாம்பல் மூடி வைக்கிற மாதிரி. வுல்ஃபும் ஹெய்ன்ஸ்வொர்த்தும் இதே மலையின் பெரிய இனங்கள் இரண்டைச் சோதித்தபோது அந்த அளவு 10 முதல் 12 டிகிரி. வெப்பமான கரீபியத் தீவில் வாழும் ஓர் இனத்தில் அது 18 முதல் 20 டிகிரி. அதாவது எந்த இடத்துக் குளிரோ அந்த இடத்துக்கு ஏற்றபடி அடுப்பின் அடிமட்டத்தை அமைத்துக்கொண்டிருக்கின்றன. இதன் உச்சம் 2020இல் பெருவின் ஆண்டிஸ் மலையில் பதிவானது: கருப்பு மெட்டல்டெயில் என்ற ஹம்மிங் பறவையின் உடம்புச் சூடு இரவில் 3.26 டிகிரிக்கு இறங்கி, காலையில் ஒழுங்காக எழுந்து பறந்துபோனது.

எழுவதும் லேசில்லை. விடிவதற்குக் கொஞ்சம் முன்பே உள்ளே ஏதோ கடிகாரம் அடித்து, பறக்கும் தசைகள் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தின் சூட்டில்தான் உடம்பு மேலே ஏறும். இருபது நிமிடம், அரை மணி ஆகலாம். இங்கே மறுபடியும் சின்ன உடம்புதான் கைகொடுக்கிறது. கரண்டித் தண்ணீர் சீக்கிரம் ஆறும் என்றால், சீக்கிரம் சூடும் ஆகுமல்லவா? ஒரு கரடி இப்படி ராத்திரிதோறும் அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. சூடேறுவதற்குள் மறுநாள் பொழுது சாய்ந்துவிடும்.

அணைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. மரத்துக் கிடக்கும்போது பாம்போ எலியோ வந்தால் தப்பிக்க முடியாது. அதனால் தேவை இல்லாத இரவில் இதைத் தவிர்க்கப் பார்க்கும். தேவை இருந்தும் பெரும்பாலும் தவிர்க்கிறவள் ஒருத்தி உண்டு: அடைகாக்கும் தாய். அவள் அணைந்தால் முட்டையும் அணையும்.

இந்த இனத்தில் ஆணுக்குக் குடும்பப் பொறுப்பு என்று எதுவும் கிடையாது. தன் பூத்த இடத்தைக் காவல் காப்பான். பெண் வந்தால் உயரே ஏறி, அவள் தலைக்கு மேல் செங்குத்தாகப் பாய்ந்து, வால் இறகுகள் காற்றில் அதிர ஒரு சத்தம் எழுப்பிக் காட்டுவான். அவ்வளவோடு சரி. கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் அவள் தலையில். பஞ்சு போன்ற தாவர இழைகளால் ஒரு குட்டிக் கிண்ணம். இரண்டு வெள்ளை முட்டை. பொரிக்க 15 முதல் 19 நாள், குஞ்சு பறக்க இன்னும் 20 முதல் 26 நாள். இவ்வளவு சின்னப் பறவைக்கு இது நீண்ட காலம்.

அவள் கூடு வைக்கும் இடத்தைப் பாருங்கள். புதரில் ஓரிரு மீட்டர் உயரத்தில் வைப்பாள். அல்லது மண்சரிவில் நீட்டிக்கொண்டிருக்கும் வேரில். அந்தச் சரிவு பெரும்பாலும் தெற்கு அல்லது கிழக்கு பார்த்திருக்கும். கிழக்கு என்றால் காலை வெயில் முதலில் விழும். தலைக்கு மேலே மண்விளிம்பு கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரிய பாதுகாப்பு, மழைக்கு மட்டுமில்லை. மேகமில்லாத இரவில் திறந்த வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் எந்தப் பொருளும் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டில் பனி கோத்து, ஷெட்டில் நிறுத்தியது காய்ந்திருப்பது இதனால்தான். ராக்கி மலைகளில் வாழும் இதன் சொந்தக்கார இனங்கள் கூட்டை ஒரு கிளைக்கு நேர் அடியில் வைத்து இரவுச் சூட்டை மிச்சம் பிடிப்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை: ஆணின் கழுத்துப் பட்டை. முதுகு வெண்கலப் பச்சை, வயிறு வெள்ளை. இது எல்லா மலையிலும் ஒன்றுதான். கழுத்து மட்டும் மலைக்கு மலை வேறு. போவாஸ், பார்வா எரிமலைப் பக்கம் போனால் செக்கச்செவேல். இராசூ, துர்ரியால்பா பக்கம் இளஞ்சிவப்பு கலந்த ஊதா. தலமான்கா தொடரில் சாம்பல் பூத்த ஊதா. ஒரு காலத்தில் இவற்றை மூன்று தனி இனங்கள் என்றே எழுதிவைத்திருந்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் இந்த மலைகளுக்கு நடுவே உள்ள தூரம் அதிகமில்லை. ஆனால் நடுவில் தாழ்ந்த பள்ளத்தாக்குகள்; இராசூவுக்கும் தலமான்காவுக்கும் இடையில் இருக்கும் கார்த்தாகோ நகரம் 1,400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 1,850க்குக் கீழே குடித்தனம் நடத்தாத பறவைக்கு அது கடல் மாதிரி. ஒவ்வொரு சிகரமும் ஒரு தீவு. கீழே தாழ்ந்த சரிவுகளில் மினுங்கும் ஹம்மிங் பறவை என்ற இன்னொரு பொடியன் இடம் பிடித்து வைத்திருக்கிறான்.

அந்த நிறம் சாயமும் இல்லை. இறகுக்குள் காற்றுக் குமிழிகள் அடைத்த மெலனின் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பும் கோணத்தில்தான் நிறம் பிறக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் அழுக்குக் கறுப்பு. தலையை அரை அங்குலம் நம் பக்கம் திருப்பினால் பற்றிக்கொள்ளும். இரண்டாம் நாள் காலை என்னைப் பார்த்து ஒருவன் ஒரே ஒரு தடவை திரும்பினான். தலமான்காவின் ஆள் என்பதால் ஊதாச் சாம்பல்தான். சால்வின் ஏன் சுடர் என்று பெயர் வைத்தார் என்று அப்போது நான் கேட்கவில்லை.

இப்போதைக்கு இதன் எண்ணிக்கை பற்றிப் பெரிய பயம் இல்லை. அழியும் பட்டியலில் இது சேரவில்லை. சாலையும் மேய்ச்சலும் காட்டைத் திறந்துவிட்ட இடங்களில்கூடப் புதர் இருந்தால் சமாளித்துக்கொள்கிறது. ஆனால் பூமி சூடாகும்போது மலைப் பறவைகள் குளிரைத் தேடி மேலே நகரும். இதற்கு மேலே 3,820 மீட்டரோடு நிலம் முடிந்துவிடுகிறது.

கடைசியாக, கொடைக்கானல். குளிர் ஒத்துப்போகும், உயரம் ஒத்துப்போகும், ஃபூக்சியாவும் சால்வியாவும்கூடத் தோட்டத்தில் உண்டு. ஆனாலும் கூடாது, வெளிநாட்டு உயிர்களைக் கொண்டுவந்து விட்டதற்கு நம் மலைகள் ஏற்கனவே சீமை முட்செடிகளாகவும் சீகை மரங்களாகவும் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன. சட்டமும் விடாது. அதைவிட, அங்கே அந்தத் தொழிலைச் செய்யத் தேன்சிட்டுகள் இருக்கின்றன. அவை பூவில் உட்கார்ந்துதான் குடிக்கும். நம் மரம் செடிகள் பலவும் அதற்கேற்றபடி காம்பை நீட்டி உட்கார இடம் கொடுக்கும். அமெரிக்காவின் ஹம்மிங் பூக்களில் பல அப்படி இல்லை. அந்தரத்தில் நிற்கிறவனுக்காகவே தொங்கும்.

இதை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். முழுசாக விரியாமல், சிவப்பு மொட்டாகவே தொங்கும் ஒரு செம்பருத்தி பல வீட்டு வேலிகளில் இருக்கும். அது மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி, ஹம்மிங் பறவைக்காகவே அமைந்த பூ. இங்கே அதற்கு அந்த வாடிக்கையாளர் வருவதில்லை. காலையில் ஒரு பத்து நிமிடம் வேலி ஓரம் நின்றால், தேன்சிட்டு வந்து காம்பில் தலைகீழாகத் தொங்கி, முன்வாசலைச் சட்டை செய்யாமல், பூவின் அடியில் அலகால் ஓட்டை போட்டுக் குடித்துவிட்டுப் போவதைப் பார்ப்பீர்கள்.